செவ்வாயிலிருந்து முதலமடைக்கு

மாங்காயின் காம்பைக் கிள்ளி, வடியும் பாலை மண்ணில் உதறிவிட்டு, மூக்கருகே பிடித்து ஒரு தடவை முகர்கிறாள் நாச்சம்மாள். பிறகு கூடையில் வைக்கிறாள். இரண்டுக்கும் நடுவே அவள் கண் ஒருமுறை வானத்துக்குப் போய்வருகிறது. மழைக்காக அல்ல. மாசி மாதத்தில் முதலமடையில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை.

"ஏனுங்க, மேல இருக்கறவங்க வந்தா எங்க எறங்குவாங்கன்னு நெனைக்கறீங்க?"

புதிதாக யார் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் கேள்விதான். என்னையும் அப்படித்தான் கேட்டாள். மேல இருக்கறவங்க என்று அவள் சொல்வது சாமிகளை அல்ல. வேறு கிரகத்து ஆட்களை. காய் தரம் பிரிக்கும்போது கிளையில் தொங்கும் டிரான்சிஸ்டர், பாட்டோடு சேர்த்து இந்தச் சங்கதிகளையும் அவளுக்குக் கொடுத்திருக்கிறது. போன வருஷம் செவ்வாயில் ஓர் இயந்திரம் இறங்கி மண்ணைத் தோண்டிப் பார்த்த செய்தியை அவள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்.

"பாவமுங்க. வெறும் செம்மண்ணும் கல்லுமாமா. பேருக்கொரு பச்சையில்ல. எனக்குத் தெரியாதுங்களா அந்த மண்ணு? நான் கட்டிக்கிட்டு வந்தப்ப எங்க தோட்டம் அப்படித்தான கெடந்துது!"

பாகப்பிரிவினையில் அவள் கணவர் செங்கோட்டையனுக்கு வந்தது மலையடிவாரத்துக் கல்லுக்காடு. கடலை போட்டார்கள், விதைகூடத் திரும்பவில்லை. நாச்சம்மாள் சேலத்திலிருந்து ஒட்டுமாங்கன்றுகளை வரவழைத்தாள். கடப்பாரையால் குழி உடைத்து, வெளியிலிருந்து வண்டல் கொண்டுவந்து நிரப்பி, கோடைகளில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். பாறையில் மாங்கொட்டை புதைப்பவள் என்று ஊர் சிரித்தது. செங்கோட்டையன் பேச்சு குறைந்தவர். அவர் சிரிக்கவில்லை, இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இன்று மற்ற ஊர் மாமரங்கள் பூத்து நிற்கும்போதே இவள் தோட்டத்தில் காய் முற்றிவிடுகிறது.

காய் வாங்க வரும் வியாபாரி அப்துல் சமதுவுக்கும் இவளுக்கும் இந்த விஷயத்தில் ஓயாத வழக்கு.

"அக்கா, அவுங்க வந்தா டில்லிக்குப் போவாங்க, பம்பாய்க்குப் போவாங்க. இந்தக் கல்லுக்காட்டுக்கு எதுக்கு வர்றாங்க?"

"ஏனுங்க பாய், பம்பாயிலிருந்து உங்க லாரி எதுக்கு இங்க வருது? அதுக்குத்தான் அவங்களும் வருவாங்க. மொதல்ல பழுக்கற எடத்துக்குத்தான மொதல்ல வரோணும்!"

வேறு கிரகத்து ஆட்கள் சண்டைக்கும் நிலத்துக்கும் வருவார்கள் என்பதை அவள் ஏற்பதில்லை. வறண்ட ஊர்க்காரர்களுக்குப் பச்சையைக் கண்டால் கால் தானாக நிற்கும் என்பது அவள் கட்சி.

இந்த மாசியில் ஒரு பிற்பகல், வெள்ளையாக ஏதோ ஒன்று வானத்திலிருந்து அசைந்து அசைந்து இறங்கி, அவள் தோட்டத்தின் வடக்கு மூலையில் விழுந்தது. காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஊரில் கதவுகள் சாத்தப்பட்டன. நாச்சம்மாள் மட்டும் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டாள். கூடையில் இருந்ததிலேயே நன்றாகப் பழுத்த ஒன்றைக் கீறித் தட்டத்தில் வைத்தாள். செங்கோட்டையன் தடுக்கவில்லை. நாலு எட்டு பின்னால் நடந்தார்.

மரத்தின்மேல் ஒரு பெரிய வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. அதிலிருந்து கயிறுகள் இறங்கின. அடியில், பளபளக்கும் தகடு சுற்றிய ஒரு பெட்டி. உள்ளே ஏதோ டிக் டிக் என்றது. நாச்சம்மாள் சற்றுத் தள்ளி நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க," என்றாள். டிக் டிக். "அட, வாங்க. பயப்படாதீங்க. ஆரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

தட்டத்தையும் சொம்பையும் பெட்டியின் முன்னால் வைத்தாள்.

அதற்குள் செங்கோட்டையனின் தம்பி சென்னியப்பன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். கையில் அரிவாள், கடப்பாரை, ஒரு டின் மண்ணெண்ணெய். அண்ணியை நங்கை என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

"நங்கை, நகந்துக்கங்க. என்ன எழவோ தெரியல. பத்த வெச்சுருவோம்."

"என்ற தோட்டத்துக்கு வந்திருக்குது தம்பி. விருந்தா வெனையான்னு நான் பாத்துக்கறேன்."

"ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா மொதல்ல எனக்குத்தான ஆகும்? வந்த வாசல்ல நெருப்பு வெச்சா, நாளைக்கு நம்மூருப் பேர மேல போயி என்னன்னு சொல்லுவாங்க?"

அவள் பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவே நின்றாள். செங்கோட்டையன் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அண்ணன் நின்ற பிறகு சென்னியப்பனால் டின்னைத் திறக்க முடியவில்லை. மறுநாள் காலை பெட்டியைத் தேடி ஒரு ஜீப் வரும்வரை கணவனும் மனைவியும் வீட்டுக்குப் போகவில்லை.

ஜீப்பில் வந்தவர் மலையாளத்து அதிகாரி. பெட்டி உடையாமல் இருப்பதைக் கண்டு பெருமூச்சு விட்டார். காற்றையும் குளிரையும் அளக்க அனுப்பிய பலூனின் கருவிப் பெட்டி அது என்று, கூடியிருந்தவர்களுக்குப் பாதித் தமிழில் விளக்கினார். சென்னியப்பன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

"அம்மைக்குப் பேடி இல்லையோ?" என்று, பயமில்லையா என்பதைத் தன் மொழியில் அதிகாரி கேட்டார்.

நாச்சம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "உள்ள ஒருத்தருமே இல்லைங்களா?" என்றாள்.

"ஆரும் இல்லா."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "இது எவ்வளவு ஒசரம் போயிருக்குமுங்க?" என்று கேட்டாள். மேகத்துக்கெல்லாம் மேலே, இருபது மைல் இருக்கும் என்றார் அவர்.

நாச்சம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கேட்டீங்களா? அத்தன ஒசரத்திலிருந்து எறங்கறதுக்கு எந்த எடம் தோதாப் பட்டிருக்குது பாருங்க!"

அதிகாரிக்கு வேறு பழம் கீறிக் கொடுத்தாள். அவர் கொட்டையைச் சப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஊரார் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

நான் போயிருந்தபோது அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, மரத்தடிக் கயிற்றுக்கட்டிலின் நடுவே ஓய்வாக உட்கார்ந்திருந்தாள். "நிசமாகவே ஒருநாள் வந்துவிட்டால்? அவர்கள் பேச்சு உங்களுக்குத் தெரியாது, உங்கள் பேச்சு அவர்களுக்குத் தெரியாதே?" என்று கேட்டேன்.

நாச்சம்மாள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் உண்டான இடத்தில் கிடந்த சருகுகளை உள்ளங்கையால் தட்டிவிட்டாள்.