மூன்று பதினேழுக்கு நான் சொன்னது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். அங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல் மூன்று மணி, எங்கள் ஊர் நவம்பர்க் கோடை வெயில். நான் அரளவும் இல்லை. கொஞ்சம் அரண்டிருந்தால் இன்று நிம்மதியாகத் தூங்குவேன். இது சத்தியமாக எனக்கு நடந்தது.

அர்ஜென்டினாவின் துக்குமானில் பயன்பாட்டு உளவியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று சேர்ந்த படிப்பு அது; என்னைச் சந்தேகப் பிராணி ஆக்கியதுதான் மிச்சம். இரண்டாம் ஆண்டில் வகுப்பிலேயே ஒருவன் மயங்கி விழுந்தான். பதறி ஓடித் தண்ணீர் தெளித்தேன். பார்த்தால் அவன் நாடகப் பள்ளி மாணவன். யார் எத்தனை நொடியில் எழுந்து ஓடுகிறோம் என்று ஆசிரியர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் என்னைக் கிண்டலடித்தார்கள். இனி ஒருத்தரையும் நம்புவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

கடைசித் தேர்வு, கண்ணாடி அறையில் அரைமணி நேர நேர்காணல். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம்தான் தெரியும். பின்னால் இருட்டறையில் இருப்பவருக்கு அது ஜன்னல். அங்கே உட்கார்ந்து கூட்டாளி நிமிடத்துக்கு நிமிடம் குறிப்பெழுத வேண்டும். நோயாளியாக நாடகப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து நடிப்பார். தோற்றால் ஒரு வருடம் போச்சு.

அறை காலியாக இருந்தது மதியத் தூக்க நேரத்தில் மட்டும்தான். ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரம். வாசல் காவலாளிகூடக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்படாத, ஒல்லி. நான் பின்னாடிதான் இருக்கேன்" என்றான் ரமிரோ, என் கூட்டாளி. நொயெலியா என்று அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"தூங்கிடாதடா."

"தூங்கினா நீயே எழுதிக்க."

மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மணி 3.04. கதவு திறந்தது. தட்டவில்லை.

நாற்பது வயதுப் பெண். கனத்த கம்பளிக் கோட்டு. வெளியே முப்பத்தொன்பது டிகிரி. அவள் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

வேஷம் கொஞ்சம் ஓவர் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"உங்க பேரு?"

"நெலிடா."

உட்கார்ந்தாள். மேசையில் எதையோ வைத்தாள். டக். பேருந்து வில்லை. டிக்கெட்டுக்குப் பதிலாகப் பெட்டியில் போடும் பழைய உலோக வில்லை. எல்லோரும் அட்டை தேய்க்க ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இதை எங்கே தேடிப் பிடித்தார்கள்?

"திரும்பிப் போறதுக்கு வச்சிருந்தேன். இனிமே தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன்."

"ஏன்?"

"இன்னைக்கு வீட்டுக்குப் போனா அவன் என்னைக் கொன்னுடுவான்."

குரலில் நடுக்கம் இல்லை. நடிகர்கள் நடுங்குவார்கள். இவள் கெட்டிக்காரி.

மாத்தே ஊற்றி அவள் பக்கம் தள்ளினேன். ஆவி பறந்தது. இரண்டு கைகளாலும் குடுவையைப் பொத்திக்கொண்டாள். குடிக்கவில்லை. கையை எடுத்தாள்.

3.11. நான் குடுவையை எடுத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

உள்ளங்கையில் ஐஸ் வைத்திருக்கிறாளோ? அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். அவள்மேல் சந்தேகம்.

3.13. கண்ணாடியைப் பார்த்தேன். நான் தெரிந்தேன். மேசை தெரிந்தது. அவள் நாற்காலி... சரியாகத் தெரியவில்லை. விளக்குக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

3.15.

"முன்னாடி ஒரு பொண்ணுகிட்ட சொன்னேன்மா. இதே நாற்காலியில உக்காந்து. அவ நம்பல. நீயாவது நம்புவியா?"

அவள் கண் இமைக்கவே இல்லை...

நம்பத்தான் தோன்றியது. உடனே அந்த மயக்க நாடகம் ஞாபகம் வந்தது. மறுபடி ஏமாற நான் தயாராக இல்லை.

3.17.

"ரொம்ப நல்லா நடிக்கிறீங்க" என்றேன். "எந்த நாடகப் பள்ளி?"

அவள் என்னைப் பார்த்தாள்.

வில்லையை எடுத்துக்கொண்டாள்.

எழுந்து போனாள்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை...

3.22. வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்குங்க, பஸ் கெடைக்கல. நான்தான் நோயாளி."

பின்னறையிலிருந்து ரமிரோ எட்டிப் பார்த்தான். "அப்பாடா, வந்துட்டாரா? போதும் ஒல்லி, காலி நாற்காலிய விடு!"

எங்கள் படிப்பில் அப்படி ஒரு பயிற்சி உண்டு. காலி நாற்காலியில் ஆள் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். நான் ஒத்திகை பார்க்கிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். குறிப்பைப் பிடுங்கிப் பார்த்தேன்.

'3.04: நொயெலியா காலி நாற்காலியுடன் பேசத் தொடங்குகிறாள். 3.05: மேசையில் டக் என்று உலோகச் சத்தம். அவள் கைகள் மடியில்.'

வந்தவனை வைத்து எப்படியோ நேர்காணலை முடித்தேன். பின்னால் பத்துக்கு எட்டு மார்க் வந்தது. தேர்ச்சி.

மறுநாள் எங்கள் ஆசிரியை ஒல்மோஸ் அந்தக் குறிப்பைப் படித்தார். 3.17-இல் விரல் நின்றது. நான் சொன்னதை அங்கே ரமிரோ வார்த்தை பிசகாமல் எழுதியிருந்தான். எழுந்துபோய், பூட்டிய அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆகஸ்ட் 2006, குளிர்காலம். அதே அறை. 3.17-க்கு நேரே அதே வாக்கியம். மேலே, நேர்காணல் செய்த மாணவியின் பெயர்: கிராசியெலா ஒல்மோஸ்.

"நெஜ நடிகை லேட்டா வந்தா. முன்னாடி வந்தவங்க தானா உதவி தேடி வந்தவங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது" என்றார். "அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு அவங்க பொணத்த வீட்டுல கண்டெடுத்தாங்க. கோட்டைக்கூடக் கழட்டல."

"கோட்டுப் பையில வில்லை இருந்துச்சா?"

ஆசிரியையின் முகம் வெளுத்தது. "வில்லையப் பத்தி உனக்கு யாரு சொன்னது?"

ரமிரோவின் குறிப்பில் 3.05-ஐ விரலால் காட்டினேன்.

"என் மேசையிலயும் வச்சாங்க, போறப்ப எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கோட்டைப் போலீஸ்ல காட்டினாங்க. பையில வீட்டுச் சாவி மட்டுந்தான் இருந்துச்சு" என்றார். "வில்லைய பஸ்ல போட்டுட்டு, நேரா வீட்டுக்குப் போயிருக்காங்க."