ஜன்னல் வழியே கிரகணம்

2010 பொங்கலுக்கு மறுநாள், காலை ஒன்பது மணிக்குத் தேனியில் வருசநாடு பஸ் ஏறினேன். எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ப்ளஸ் ஒன் மாணவிகள் நான்கு பேர். ஏறியது நான் மட்டும். சூரிய கிரகணத்தன்று பெண்பிள்ளையை வெளியே விடுவதா என்று மற்ற மூவரையும் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சூரியனைப் பார்க்கும் கறுப்புக் கண்ணாடிகளும் அவர்களில் ஒருத்தியான கவிதாவோடு அவள் வீட்டில் மாட்டிக்கொண்டன. என் அம்மா நர்ஸ். அன்று பகல் டியூட்டி. என்னைத் தடுக்க வீட்டில் ஆளில்லை.

கண்டமனூர் தாண்டியதும் பஸ் காலி. கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பதினோரு மணிக்கு மேல ஊருக்குள்ள ஈ காக்கா இருக்காது. யாரப் பாக்கப் போற தாயி?" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை என்றேன். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கடமலைக்குண்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் சனிக்கிழமைதோறும் பாடம் எடுத்துவந்தோம். நிலா சூரியனின் நடுவில் வந்து நிற்கும், சுற்றிலும் ஒளி வளையம் தெரியும் என்று சொல்லி ஆசை காட்டியிருந்தோம். "நீங்க கட்டாயம் வருவீகளாக்கா?" என்று முத்துப்பேச்சி கேட்டபோது தலையிலடித்துச் சத்தியம் செய்தது நான்தான்.

பதினொன்றரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஒருவரும் இல்லை. கண்டக்டர் சொன்னபடியேதான். தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. வெயில் மங்க மங்க எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன், பார்க்கத்தான் ஆளில்லையே.

பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. நடுவில் சிறு ஓட்டை போட்ட அட்டையை அதன்மேல் ஒட்டியிருந்தோம். வெயிலில் பிடித்தால் இருட்டறைச் சுவரில் சூரியனின் உருவம் விழும். அதை எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனேன்.

அவள் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தாள். "அம்மா மாசமா இருக்காக. யாரும் வெளிய போகக்கூடாதாம்க்கா." பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். யாரும் வெளியே வர வேண்டாம், சூரியனை நானே உள்ளே அனுப்புகிறேன் என்றேன். உள்ளே குசுகுசுவென்று பேச்சு கேட்டது. பிறகு அவள் அம்மாவின் குரல் வந்தது: "பிள்ளைக பாக்கட்டும். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கிறேன்."

எதிர்ச்சாரியில் நின்று ஜன்னலுக்குள் ஒளியைப் பாய்ச்சினேன். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே என்ன தெரிகிறதென்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்க்கக் கறுப்புக் கண்ணாடியும் இல்லை. ஒன்றேகால் மணிக்கு உள்ளே பிள்ளைகளின் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. கை ஆடிவிட்டதோ என்று பயந்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"வளையல் மாதிரி இருக்கு தாயி" என்றது ஒரு குரல். அது பிள்ளைகளின் குரல் இல்லை.

மாலை பஸ்ஸிலும் நான் தனியாகத்தான் வந்தேன். தேனியில் எல்லா வாசலையும் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்தலையோடு கவிதா ஓடிவந்தாள். "பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

"வளையல் மாதிரி" என்றேன்.