ஒரே கட்டிலில் சொறி

அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சையில் தேறியிருந்தேன். எஞ்சியது வைத்தியப் பரிசோதனை மட்டும். அந்த நேரம் பார்த்து விரலிடுக்குகளில் சொறி தொடங்கிற்று. தொற்றுநோயோடு போனால் உத்தியோகம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெறுங்கையோடு ஊருக்கு எப்படிப் போவது?

கொழும்பு வெள்ளவத்தையில் இளம் உத்தியோகத்தர் சிலரும் நானும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். அப்படிக் கூடியிருக்கும் வீட்டைச் சமறி என்போம். கட்டில்கள் போதாது. துறைமுகத்தில் இரவு வேலை செய்த ஒருவர் பகலில் என் கட்டிலில் படுப்பார். அவர் எழும்பிய சூட்டிலேயே நான் சரிவேன். விரிப்பும் ஒன்றுதான்.

கந்தகக் களிம்பு பூசினேன். கடி குறைந்து, மறுபடி கூடியது. கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் தற்காலிகமாகக் கணக்கெழுதிய எனக்குக் கையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. கடைசியில் நூலகத்தில் ஒரு வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறதாம். கூடப் படுப்பவர்களும் ஒன்றாகப் பூசாவிட்டால் போகாதாம்.

கட்டில்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஐசே, எனக்கு நுளம்புக்கடி. சொறி உமக்குத்தான்."

"ஊரில ஒரு ஆடு சொறிஞ்சாலும் பட்டி முழுக்கப் பூசுவம்," என்றேன் அவசரத்தில்.

"ஓகோ, ஆடு மேய்ச்சனீரோ?"

சமறியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் ஐயா ஆடு வளர்ப்பதைப் பற்றி அதுவரை அங்கே நான் மூச்சு விட்டதில்லை.

"ஓம், மேய்ச்சனான். வாற கிழமை எனக்கு மெடிக்கல். நீர் பூசாட்டி எனக்கு உத்தியோகமில்லை."

அவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். முதுகெல்லாம் கீறல்.

"எனக்கு எட்டாது. நீரே பூசிவிடும்."

விரிப்பையும் இடுப்பில் கட்டும் சாரங்களையும் கொதிநீரில் அவித்தோம். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகக் களிம்பு கேட்டு வந்தார்கள். வீடு முழுக்கக் கந்தக நாற்றம்.

பரிசோதனை நாளிலும் கடித்தது. டாக்டர் பூதக்கண்ணாடியால் விரல்களைப் பார்த்தார். பூச்சி செத்துவிட்டது, கடி இன்னும் சில கிழமை இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தகுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் ரயிலில் பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டைச் சொறிந்தார். நான் எழும்பிப் போய் வாசலில் நின்றேன். வெள்ளவத்தை வரும்வரை திரும்பப் போய் இருக்கையில் இருக்கவேயில்லை.