பத்து வினாடிக்கு ஒரு ‘ம்’

“ஹலோ, இருக்கீங்களா?” என்று ஏகநாதன் கேட்டபோது, மறுமுனையில் கேஸ் ஏஜென்சிப் பெண் அவருடைய முகவரியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். “இருக்கேன் சார்” என்றாள். “நடுநடுவுல ‘ம்’ சொல்லுங்கம்மா. இல்லேன்னா லைன் போயிடுச்சுன்னு நெனச்சுக்குவேன்.” அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக ம் கொட்டக் கற்றுக்கொடுத்த பிறகுதான் போனை வைத்தார். சிலிண்டர் பதிவானதா என்று கேட்க மறந்துபோனார்.

ஐம்பத்திரண்டு வயது. வீடு கிழக்குத் தாம்பரத்தில். ஆபீஸ் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு வளையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மொத்தமே ஒன்பது பேர். பள்ளிக்கரணைப் பக்கத்து அடுக்குமாடிகளில் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானாக ஓடவிடும் கருவிதான் அவர்கள் சரக்கு. அதற்கு மென்பொருள் எழுதுகிறவர் ஏகநாதன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒருவர் நின்றால் அவர்தான்.

அவர் எழுதுவது ரியாக்டிவ் புரோகிராமிங். அப்படியென்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தோம். “தண்ணி எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு நீங்க போய்க் கேட்டுட்டே நிக்க வேணாம். அளவு மாறினா அதுவே சேதி அனுப்பும். ஆனா சேதியே வரலேன்னு வைங்க. தண்ணி ஏறலேன்னு அர்த்தமா? லைனே செத்துப்போச்சுன்னு அர்த்தமா?” இந்த இடத்தில் நிறுத்தி, கேட்பவர் திண்டாடுவதைச் சற்று ரசிப்பார். “அதுக்குத்தான் ஹார்ட்பீட்!” கருவி பத்து வினாடிக்கு ஒருமுறை ‘இருக்கேன்’ என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று வரவில்லையென்றால் திரையில் பச்சை சிவப்பாகும்; சரிபார்க்க ஆள் ஓடும். கதை கேட்கும் குழந்தை ம் கொட்டுவதைத்தான் இவர் இத்தனை சிரமப்பட்டுச் செய்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஊரையெல்லாம் ம் கொட்டச் சொல்கிறவர் தன் பங்குக்குக் குறை வைத்ததில்லை. மனைவி ஹேமாவதி பேசினால், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, சரியான இடைவெளியில் அவரிடமிருந்து ம் வந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியது கிடையாது.

நவம்பர் மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலை, அவர் தட்டில் இட்லி வைத்தபடி ஹேமாவதி சொன்னாள்: “இடது மார்புல கட்டி மாதிரி தட்டுப்படுதுங்க.”

“ம்.”

“டாக்டரம்மா புதன்கிழமை ஸ்கேன் எடுக்கணும்னாங்க.”

“ம்.”

“கூட வரீங்களா?”

“ம்.”

புதன்கிழமை அவர் வழக்கம்போல மின்சார ரயிலேறி ஆபீஸ் போனார். ஹேமாவதி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஸ்கேன் பார்த்தவர்கள் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு அடுத்த புதன் என்றார்கள். சாயந்திரம் காபி கொடுக்கும்போது அதையும் சொன்னாள். அதற்கும் ம் வந்தது. பாவி மனுஷன்!

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, பள்ளிக்கரணை அடுக்குமாடி ஒன்றின் வாட்ச்மேன் ஐசக் ஆபீசுக்குப் போன் செய்தார்.

“சார், கீழ பைக்கெல்லாம் மெதக்குது சார்!”

“இருக்காதே. இங்க பச்சைதான் காட்டுது.”

“பச்சயா? நா முட்டி வரைக்கும் தண்ணில நின்னுகினு கீறேன். உங்க மிஷினு செவுத்துல லைட்டு போட்டுகினு ஜம்முனு கீது.”

“பத்து செகண்டுக்கு ஒரு தடவை ‘இருக்கேன்’னு கரெக்டா மெசேஜ் வருதேய்யா.”

“அது கீது சார், யாரு இல்லேன்னது? வேலதான் செய்யல. இன்னா பேஜார் சார் இது!”

மோட்டாரைக் கையால் போடச் சொல்லிவிட்டு ஏகநாதன் தன் நிரலைத் திறந்தார். தண்ணீர் அளவைச் சொல்லும் பகுதி ஒன்று. ‘இருக்கேன்’ சொல்லும் கடிகாரம் வேறொன்று. இரண்டின் செய்திகளையும் ஒரே வழியில் சேர்த்து அனுப்பியிருந்தார். விடிகாலை நாலு மணிக்கே அளவுப் பகுதி ஏதோ பிழையில் தடுக்கிச் செத்திருக்கிறது. கடிகாரத்துக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ‘இருக்கேன், இருக்கேன்’ என்று இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது முறை சொல்லியிருக்கிறது. எழுதியவர் வேறு யாருமில்லை, அவரேதான். திருத்துவதற்கு நாலு வரிதான் ஆயிற்று.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஹேமாவதியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ம் சொல்லவில்லை.

“கேக்கிறியா?”

“கேட்டேன். ‘இருக்கேன்’னு சொன்னா மட்டும் போதாது. கடைசியா என்ன அளந்தேன்னும் சேத்துச் சொல்லணும்.”

“அதேதான்!” என்றார் ஏகநாதன், பெருமையாக.

“சரி, சொல்லுங்க. நான் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னேன்?”

ஏகநாதன் மோட்டுவளையைப் பார்த்தார். “சிலிண்டர்?” என்றார்.

ஹேமாவதி கத்தியைக் கீழே வைத்தாள். “கட்டி இருக்குன்னேன். கூட வாங்கன்னேன். ஊசி போட்டு எடுத்திருக்காங்க, நாளைக்கு ரிசல்ட்டுன்னேன். எல்லாத்துக்கும் ‘ம்’னீங்க. நானும் வருவீங்கன்னு நெனச்சேன்.”

ஏகநாதனிடமிருந்து சத்தமே வரவில்லை. அரை நிமிஷம் போயிருக்கும். பயந்துபோனவள் ஹேமாவதிதான். “என்னங்க?” என்றாள்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கேட்கும்போதே அழுதுவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏகநாதன் உட்கார்ந்திருந்தார். பையில் பழைய சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட், வெந்நீர் பிளாஸ்க், யாருக்கென்று தெரியாமல் வாங்கிய இரண்டு பிஸ்கட் பாக்கெட். ஹேமாவதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய் மேசை முன் நின்றாள். பையோடு அவரும் பின்னால் போய் நின்றார்.

நர்ஸ் தலை நிமிராமலே எழுதினாள். “கூட யாராவது இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. துணைக்கு ஆள் வந்திருக்கா, போன வாரம் மாதிரி தனியாத்தானா?”

“தனியாத்தான்” என்றாள் ஹேமாவதி, பழக்கத்தில்.

அவள் முதுகுக்குப் பின்னால், வகுப்பில் பெயர் வாசிக்கும்போது தூக்குவதைப்போல, ஏகநாதன் வலது கையைத் தூக்கினார். நர்ஸ் பார்க்கவில்லை. அவர் கையை இறக்கவில்லை.