கிளென் போட்ட கேள்வி

லோபாக்கில் குடியிருக்கும் கிளென் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. செனாவாங் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள், எங்கள் வீட்டுப் பிரிண்டர் ஓடவில்லை என்று ஒருவர் வந்து நிற்பார். முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. எதையும் பாதியில் விடவும் மாட்டான். கடைசிக் கால்வாசியில் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவான். அந்தக் கால்வாசிதான் அவனை மாட்டிவிட்டது.

கோலா கிளாவாங் போகிற வழியில், உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் அவன். அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. கல்லறைக்காட்டை வேறிடத்துக்கு மாற்றப் போகிறார்கள். தோட்டத்துக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனிக் குழி, தனிக் கல். பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழி என்று சொல்லிவிட்டார்கள்.

மரச்சிலுவைகளைக் கரையான் தின்று எத்தனையோ வருஷமாகிறது. எந்த மேட்டுக்கு அடியில் யார் என்று முழுசாகத் தெரிந்தவர், காலமெல்லாம் குழி வெட்டிய சன்னாசி என்ற பெரியவர் ஒருவர்தான். அவர் சொல்லச் சொல்ல, தோட்டத்துச் சிற்றாலயத்தைக் கவனித்துவந்த சூசையம்மாள் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு. சூசையம்மாள் கிளெனுக்குச் சின்னம்மா. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது படித்தவர்.

"நோட்டெல்லாம் வேணாம்டா. கரையானுக்குச் சிலுவையும் நோட்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு" என்று ஒரே பிடியாக நின்றார்.

கிளென் புரோகிராம் எழுதினான். அதைவிட அதைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆலயத்தில் இருப்பது யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அங்கே இன்டர்நெட்டும் எட்டாது. சோறு பொங்கச் சொல்லி அரிசியை மட்டும் கொடுத்தனுப்பினால் ஆகுமா? அடுப்பும் பானையும் கூடவே போக வேண்டும். பெயர்களை வைக்கிற டேட்டாபேஸ், புரோகிராம் ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம், எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் அதது அதனதன் இடத்தில் போய் உட்காரும்படி ஓர் இன்ஸ்டாலருக்குத் திட்டம் போட்டான். எது முதலில், எது பிறகு என்று தாளில் எழுதினான். ‘ஏற்கெனவே பெயர்கள் இருந்தால் ஒரு நகல் பத்திரப்படுத்து’ என்றும் எழுதத்தான் எழுதினான். அந்த ஒரு வரிக்கு இன்னும் ஒரு நாள் பிடிக்கும். அதற்குப் பதிலாகக் கேள்வி ஒன்று போட்டால் போதாதா என்று தோன்றியது. சின்னம்மாவுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே போட்டான்: ‘பழைய பெயர்களை எடுக்கவா?’

வீட்டில் சோதித்தபோதெல்லாம் ‘ஆம்’ என்றுதான் அழுத்தினான். அவனுக்கு ஒவ்வொரு முறையும் வேண்டியிருந்தது காலிப் பெட்டி.

மூன்று மாதத்தில் சன்னாசியும் சூசையம்மாளும் நூற்று நாற்பத்து மூன்று பெயர்களை ஏற்றினார்கள். அந்த வேலை முடிந்த கொஞ்ச நாளில் சன்னாசி காலமாகிவிட்டார். பட்டியலை அச்செடுக்க வசதி வேண்டும் என்று கம்பெனி கேட்க, கிளென் புரோகிராமைத் திருத்தி, புதுப் பொட்டலமாகக் கட்டி, பென்டிரைவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சின்னம்மா கையில் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"கிளெனு, பேரெல்லாம் போச்சுய்யா. ஒண்ணுகூட இல்ல. நான் என்னத்தையோ அழுத்திப்புட்டேன்."

"என்ன அழுத்துனீங்க சின்னம்மா?"

"பழைய பேர எடுக்கவான்னு கேட்டுச்சு. புது வூட்டுக்குப் போறப்ப பழைய சாமான எடுக்காமலா போவோம்? எடுத்துக்கன்னு ஆம் போட்டேன். தப்பாய்யா?"

கிளென் ‘நீக்கவா’ என்று கேட்டிருந்தான். சின்னம்மா காதில் அது ‘கூடவே எடுத்துக்கொள்ளவா’ என்று விழுந்திருக்கிறது. தமிழ் தெரிந்த யார் காதில்தான் அப்படி விழாது? ‘உங்கள் தப்பு இல்லை, என் வார்த்தைதான் தப்பு’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவால்ல சின்னம்மா, நான் வந்து பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

போய்ப் பார்த்தான். இரண்டு நாள் லீவு போட்டு, அந்தக் கம்ப்யூட்டரைக் குடைந்தான். பழைய பெயர்கள் இருந்த இடத்தில் புதுக் காலி டேட்டாபேஸ் ஏறிக்கொண்டுவிட்டது. ஒன்றும் மீளவில்லை. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. சின்னம்மா பக்கத்தில் தேத்தண்ணி வைத்துவிட்டு, குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சின்னம்மா அவனை ஓரமாக இழுத்தார்.

"மனசு கேக்கலய்யா. ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். செத்தவங்க பேர அழிச்சிட்டேன்னு. செபமாலைய உருட்டி அம்பத்து மூணு மணி செபம் சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. ஆலய வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னான். செய்யாமல் விட்ட அந்த வரியையும், போட்ட கேள்வியையும், தெரிந்தும் மூடிக்கொண்டிருந்த வாயையும்.

சூசையம்மாள் செபமாலையைப் பைக்குள் போட்டார்.

"வார்த்த தப்பிருச்சு, சரி. அஞ்சாறு நாளு என்னை அழ வுட்டியே, அதுக்கு என்ன பேருடா?"

"பயம் சின்னம்மா."

"பண்ணுனது நீ, செபம் சொன்னது நானு! நல்லாருக்குலா உன் கம்ப்யூட்டர் படிப்பு. ஏறு மோட்டார்ல, கல்லறைக்குப் போவோம்."

மேடு மேடாக நடந்தார்கள். சன்னாசி சொன்னதில் தொண்ணூற்று ஆறு பெயர்கள் சின்னம்மா நினைவில் இருந்தன. மீதி நாற்பத்து ஏழு மேடுகளுக்கு முன்னால் நின்று நின்று பார்த்தும் பெயர் வரவில்லை. ஆலயத்துக்குத் திரும்பி, கிளென் தட்டச்சு செய்தான். நாற்பத்து ஏழு கட்டங்கள் காலியாக நின்றன.

"பேர் இல்லன்னு போட்டுரவா?" என்று கேட்டான்.

"எப்படிடா இல்லாமப் போகும்? பேர் இருந்துச்சு. நாம தொலைச்சோம். ‘பெயர் இருந்தது’ன்னு போடு. கட்டத்துல எழுத்து இருக்குல்ல, கம்பெனி தனிக் கல்லு வைக்கட்டும். மாட்டேன்னா நான் பேசிக்கிறேன்."

அவர் ‘நாம’ என்றது அவனைக் குத்தியது. ஒரே தட்டில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பக் கையைக் கொண்டுபோனான். சின்னம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா அடி."

அடித்தான்.