புல்லின் மேல் ஒரு பாதை

திருச்சுழி பக்கம் ஒரு பஞ்சாலையில் என் சித்தப்பா புல் பார்க்கும் வேலையில் இருந்தார். எண்பதுகளில் மில் முதலாளி தன் விருந்தாளிகளுக்காகக் கரிசல் தரிசில் சிறியதாக ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். ஊரில் அதைக் குழிப்பந்து மைதானம் என்றார்கள். சித்தப்பாவின் ஊரிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை அதன் நடுவே போனது. விறகுக்கும் ஆட்டுக்கும் அதே வழிதான்.

மேனேஜருக்கு வேலி போட்டு அடைத்துவிட ஆசை. கண்மாய்க் கரையைச் சுற்றிப் போகட்டும் என்றார். பிணத்தைப் பழைய பாதையை விட்டு வேறு வழியில் கொண்டுபோகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சித்தப்பா பேசி நிறுத்தினார். புல் சாகாதவரை பாதை திறந்திருக்கும் என்று முடிவானது.

ஒரே இடத்தில் கால் பட்டால் அருகம்புல் தேய்ந்து தடம் விழும். தடம் விழுந்துவிட்டால் வருகிற கால் எல்லாம் அதையே தேடும். அதனால் தடம் தெரியத் தொடங்கும் இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போடுவார். ஆட்கள் ஒதுங்கி நடப்பார்கள். சில நாளில் முள் இடம் மாறும். தண்ணீர் ஊற்றும் மாட்டுவண்டிக்கும் அதே சட்டம்தான். நேற்றுப் போன சக்கரத் தடத்தில் இன்று போகக்கூடாது. மழை நாளில் வண்டி இறங்கவே கூடாது. ஈரக் கரிசலை மிதித்தால் இறுகி, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

யாரைக் கண்டாலும் "பரந்து நடங்க" என்பார். விறகுக்குப் போகும் பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏண்ணே, காலத் தூக்கித் தலையில வச்சுட்டுப் போகவா?"

"வச்சுக்க தாயி. விறகக் கீழ கட்டிக்க."

ஓர் ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் சித்தி இறந்துபோனார். மதுரையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியைச் சித்தப்பாவே எடுத்துக்கொண்டு முன்னால் போனார். மைதானத்தின் ஓரத்தில் நின்று திரும்பினார்.

"பரந்து வாங்கப்பா. ஈரமா இருக்கு. ஒரே தடத்துல மிதிக்காதீக."

கொட்டு நின்றது. சித்தியின் அண்ணன், அதே ஊர்க்காரர், முன்னால் வந்தார்.

"ஏலே, எந்தங்கச்சி போறா. நீ புல்லப் பாக்கியா?"

"பாத வேணும்ல மச்சான். நாளைக்கு ஒங்களுக்கும் எனக்கும் இதுதேன் வழி."

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஒருத்தனும் ஒதுங்கக் கூடாது. எல்லாரும் பாடைக்குப் பின்னாலயே வாங்க."

அப்படியே போனோம். திரும்பி வரும்போது புல்லில் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கிடந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் சித்தப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். இறுகிய தடத்தில் நெருக்கமாகக் குத்தி மண்ணை நெகிழ்த்தினார். குழிகளில் மணலைத் தள்ளி, அருகம்புல்லின் வேர்க்கட்டையை ஊன்றி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். வண்டியை அண்டவிடவில்லை. மேனேஜர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மாசிக்குள் புல் கூடிவிட்டது. பாதையை அடைக்கவில்லை. சித்தியின் அண்ணன் மட்டும் அதன்பின் சித்தப்பாவின் வாசலை மிதிக்கவில்லை. பேச்சும் இல்லை.

தொண்ணூறுகளில் மில் மூடப்பட்டது. தண்ணீர் நின்றதும் புல் கருகியது. மைதானம் முழுக்கச் சீமைக்கருவேல் மண்டியது. நடுவில் ஆள் கால் பட்டுப் பட்டு ஒற்றைத் தடம் மட்டும் தெளிவாக இருந்தது.

சித்தப்பாவை அந்த வழியாகத்தான் கொண்டுபோனோம். எல்லோரும் பாடைக்குப் பின்னால் வரிசையாகப் போனார்கள். சித்தியின் அண்ணனும் வந்திருந்தார். வயதாகி, கையில் கம்பு ஊன்றியிருந்தார். மைதானம் தொடங்கும் இடத்தில் அவர் தடத்தை விட்டு இறங்கினார். முள்ளுக்குள் வேட்டியை விலக்கி விலக்கித் தனியாக நடந்தார்.

"பெரியய்யா, தடத்துல வாங்க, முள்ளுக் குத்தும்" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் வரவில்லை.