முன் சக்கரத்துக்குக் கீழே

அண்ணனின் ஜீப்பில் இரண்டு கியர்த் தண்டுகள் இருந்தன. நீளமானது எல்லா வண்டியிலும் இருப்பது. அதன் பக்கத்தில் குட்டையாக, சிவப்புக் குமிழ் வைத்து இன்னொன்று. அதைத் தொட எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது. ராணுவ ஏலத்தில் வந்த பழைய வண்டி அது. அந்தக் குமிழைப் பிடித்து இழுத்தால் முன் சக்கரங்களுக்கும் இஞ்சினின் சக்தி போகும் என்பதைக் காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். "நாலு சக்கரமும் இழுக்குதுபா. ஆத்துல உடு, கடல்லயே உடு, போய்க்கினே இருக்கும்" என்பான். அப்பா இல்லாத வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று பெண்கள் மூவரும் தறியில் உட்கார்ந்து சம்பாதித்ததில் வந்த வண்டி. அண்ணன் தறிக்குழியில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை.

இன்று நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன். கடற்கரை விடுதிகளில் மணல் மேல் ஓடும் நாலு சக்கர பைக்கான ஏ.டி.வி. வண்டிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், அதன் முன் டிஃபரன்ஷியல் நன்றாக வேலை செய்யுமா என்று கேட்பார்கள். எங்கே என்பதைப் பொறுத்தது என்பேன். வளைவில் திரும்பும்போது ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும்; அதற்கான பல்சக்கர ஏற்பாடு அது. தார்ச்சாலையில் அதைப் போல நல்ல பிள்ளை கிடையாது. மணலில் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்ததோ, சுழற்சி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றது அசையாது. இப்போது சில வண்டிகளில் அதைப் பூட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. பூட்டினால் ஹேண்டில்பார் கல்லாய்க் கனக்கும், ஆனால் வண்டி வெளியே வந்துவிடும். பூட்டு இல்லாத வண்டிக்கு நாலு சக்கர இழுவை என்று பெயர்தான். சும்மா சுற்றுவதற்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்திருந்தேன். இந்தப் பாடம் நடத்தும்போது என் குரல் ஏறிவிடுகிறது என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். ஏறத்தான் செய்யும்.

அக்காவின் கல்யாணம் பாலாற்றுக்கு அக்கரையில், மாப்பிள்ளையின் ஊரில். தொண்ணூறுகளின் கடைசி. பெண்ணழைப்புக்கு அக்கா கட்டுவதற்காக அம்மா ஒரு புடவை நெய்திருந்தாள். அரக்கு உடல், மாம்பழ மஞ்சளில் கரை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்து கொடுத்தவள் தன் வீட்டுக்கென்று நெய்த முதல் பட்டு அதுதான். கூலி வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினாள். உடலையும் கரையையும் குறுக்கிழை ஓட்டும் தனித்தனி நாடாக்களால் நெய்து பல்லைக் கடித்ததுபோல் இணைப்பதைக் கோர்வை என்போம். கரைப்பக்க நாடாவைத் தள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு இடத்தில் இழை தளர்ந்தாலும் அம்மா பிரித்துவிட்டு மறுபடி நெய்வாள்.

பெண்ணழைப்பு அன்று காலை அந்தப் புடவையை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். பாலத்தின் வழியாகப் போகச் சொன்னாள் அம்மா. அண்ணன் கேட்கவில்லை. ஓரிக்கைப் பக்கம் ஆற்றில் இறக்கினான். மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது; நடுவில் மெல்லிய ஓட்டம், மற்றதெல்லாம் ஈர மணல். மணல் அள்ளிய குழி ஒன்றில் இடது முன் சக்கரம் இறங்கியது. சிவப்புக் குமிழை இழுத்தான். இடது சக்கரம் வெறிபிடித்துச் சுற்றி மணலை வாரி இறைத்தது; பின்னாலும் ஈர மணலில் ஒன்று வெறுமனே சுற்றியது. கெட்டித் தரையில் இருந்த வலது சக்கரம் கோயில் தேர்ச்சக்கரமாய் அப்படியே நின்றது. பாரம் குறையட்டும் என்று அம்மாவையும் அக்காவையும் இறக்கி அக்கரைக்கு நடக்கச் சொன்னான். என்னைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னான்.

சுற்றும் சக்கரத்துக்கு அடியில் எதையாவது கொடுத்தால் பிடிப்பு வரும். அதுவரை அவனுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. கரை முழுக்க வேலிக்காத்தான் புதர். வண்டிக்குள் கால்மிதி. இடுப்பில் அவன் வேட்டி. அவன் எடுத்தது புடவை மூட்டையை. பின்னால் இருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி துள்ளி ஏறியது. பின் சக்கரம் துப்பிய அரக்குத் துணி என் காலடியில் வந்து விழுந்தபோதுதான் அது என்ன என்று புரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு, கத்தியபடியே வண்டியின் பின்னால் அக்கரைக்கு ஓடினேன். அவன் அதை என் கையிலிருந்து வாங்கி, அக்கரையில் நின்ற அம்மாவிடம் விரித்துக் காட்டினான். உடல் கந்தலாகக் கிழிந்து தொங்கியது. "பாத்தியாம்மா, கோர்வை உடவே இல்ல! காஞ்சிபுரம் பட்டுன்னா சும்மாவா? அது தாங்கும்னு தெரிஞ்சிதான் போட்டேன்." இந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் இப்படியொரு புத்தி வரும். அம்மா அதை வாங்கி மணலை உதறினாள். கரை மேல் கரை வைத்து மடித்தாள். "ஏறுங்க, நேரமாவுது" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு அறை விட்டிருக்கலாம். நெசவுக்காரி மகள் அன்று மாலை மாப்பிள்ளையின் அத்தை கொடுத்த இரவல் புடவையில் பெண்ணழைப்புக்கு நின்றாள். அந்த வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். ஆண்களெல்லாம் ஜீப்பைச் சுற்றி நின்று அண்ணனைப் புகழ்ந்தார்கள்.

அம்மா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசியதில்லை. அண்ணன் மட்டும் போகிற விசேஷத்திலெல்லாம் சொல்வான்.

போன ஆவணியில் அக்கா மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். நாலு சக்கரமும் எப்படி இழுத்தது என்பதைக் கைகளால் காட்டினான். எனக்குத் தாங்கவில்லை. "நாலும் இழுக்கலண்ணா. ரெண்டு சக்கரம் சும்மா சுத்திச்சி. இழுத்தது அம்மா நெய்ஞ்ச புடவை" என்றேன். அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "ஏம்மா, இன்னுமா அதையே பேசிக்கினு கீறீங்க?"

தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"இன்னுமாவா? இப்பத்தான் ஆரம்பிக்கிறோம். உக்காருண்ணா."